பக்கத்து இருக்கையின் கோப்பு

வட சென்னையில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராகப் பணிபுரியும் 34 வயதுப் பெண் ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருப்பதால், துறையின் பெயரை விட்டுவிட்டு, சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அந்த வீட்டின் முதல் அரசு வேலை இவருடையது. மூன்றாவது முயற்சியில் குரூப் 4 தேர்வில் வென்று, இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி முடித்து வந்தவர். பணியில் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. தொடக்கத்தில் தன் இருக்கைக்கு வந்த தபாலை அன்றன்றே பதிந்து, முடிந்தவரை அன்றே குறிப்பு எழுதி மேலே அனுப்பிவிடுவாராம். பிறகு நடந்ததை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "முதலில் பாராட்டினார்கள். அப்புறம் 'கலெக்டரம்மா வந்துவிட்டார்' என்று கேலி செய்தார்கள். அப்புறம் அவர்கள் கோப்புகளும் என் மேசைக்கு வர ஆரம்பித்தன."

அந்த அலுவலகத்தில் 14 பணியிடங்களில் ஐந்து காலி. அவற்றில் இரண்டு இருக்கைகளின் வேலையை, எழுத்தில் எந்த உத்தரவும் இல்லாமல் இவர் பார்த்து வருகிறார். பக்கத்து இருக்கை மூத்தவர், இவர் 'அண்ணன்' என்று அழைப்பவர், ஒருநாள் தனியே கூப்பிட்டு, "நீ இப்படி முடித்து முடித்துக் கொடுத்தால் நாளைக்கு எங்களையும் கேட்பார்கள் அம்மா, கொஞ்சம் பார்த்துச் செய்" என்றிருக்கிறார். கண்காணிப்பாளர் நல்ல மனிதர்தான். ஆனால் அடுத்த ஆண்டு ஓய்வு பெறவிருப்பதால் எந்தக் கோப்பிலும் துணிந்து கையெழுத்துப் போட மாட்டார். சென்ற ஆண்டு, காலி இருக்கை ஒன்றின் கோப்பு தாமதமானதற்கு விளக்கம் கேட்டு இவருக்குக் குறிப்பாணை வந்தது. கோப்பையே தொடாதவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. அன்றோடு இவரும் கையைத் தளர்த்திவிட்டார்.

ஒரு மாதத்துக்கு முன், காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு பாட்டி, இறந்துபோன மகன் தொடர்பான ஒரு சான்றிதழுக்காக நான்காவது முறையாக வந்திருக்கிறார். கோப்பு அண்ணனின் இருக்கையில் கிடந்தது. அண்ணன் விடுப்பில் இருந்தார். இவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "நாளைக்கு வாருங்கள்" என்று சொல்லிவிட்டார். பாட்டி ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனதை ஜன்னல் வழியே பார்த்தபோது கை நடுங்கியதாம். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் தூக்கம் வருவதில்லை. "இப்படிப்பட்டவர்களைத் திட்டிக்கொண்டுதானே மேடம் நான் வளர்ந்தேன். நானும் சோம்பேறியாகிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறார். வேலையை விட்டுவிட்டுத் தனியார் பள்ளிக்குப் போகலாமா, பெயர் போடாமல் மேலிடத்துக்கு மனு எழுதலாமா, இல்லை எல்லோரையும் போல இருந்துவிடலாமா என்பவை அவர் கேள்விகள். பின்குறிப்பாக ஒன்று: அந்தப் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படிக்கும்போது, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த மூன்று வரிகளில் கண் நின்றுவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது உங்கள் அலுவலகத்தில் ஒருவரும் மூன்று நாள் வீட்டுக்குப் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மணலிப் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட் மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு முதலில் இறங்கியவர் அந்த அண்ணன்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீட்டுச் சுவர்களில் கறுப்புக் கோடு படிந்த நாட்கள் அவை. அந்த மூன்று நாளும் அவர் யாரிடமும் 'நாளைக்கு வாருங்கள்' என்று சொல்லவில்லை.

அதே மனிதர்தான் இன்று ஒரு கோப்புக் கட்டைப் பிரிக்காமல் மாதக்கணக்கில் மேசையில் வைத்திருக்கிறார். இடையில் அவருடைய சம்பள விகிதமோ பணி விதிகளோ மாறவில்லை. அவர் ரத்தத்தில் சோம்பல் இருந்திருந்தால் வெள்ளத்திலும் இருந்திருக்குமே!

வெள்ளத்தின்போது மாறியது அவரைச் சுற்றியிருந்த வேலையின் அமைப்பு. யாருக்காகச் செய்கிறோம் என்பது கண்ணெதிரே மொட்டை மாடியில் நின்றுகொண்டு கையசைத்தது. யார் எந்தத் தெருவுக்குப் போவது என்பது காலையிலேயே பேசி முடிவானது. மேலதிகாரியும் அதே தண்ணீரில் நின்றார். அந்த நேரத்தில் எடுத்த முடிவுக்காக யாரும் பிறகு விளக்கம் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்தது. செய்து முடித்ததன் பலன் அன்று மாலையே தெரிந்தது. தண்ணீர் வடிந்ததும் இவை ஐந்தும் சேர்ந்தே வடிந்துவிட்டன. பணிக் கலாசாரம் என்று பெரிய சொல்லாகச் சொல்லப்படுவது இதுதான். சுவரில் மாட்டியிருக்கும் உறுதிமொழிப் பலகைக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. வேலை செய்தவருக்கு என்ன நடக்கிறது, செய்யாதவருக்கு என்ன நடக்கிறது என்பதைப் புதிதாக வந்தவர் ஆறு மாதத்தில் பார்த்துத் தெரிந்துகொள்கிறார் அல்லவா, அதுதான் அந்த அலுவலகத்தின் கலாசாரம். நீங்களும் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டீர்கள். குறிப்பாணை உங்களுக்கு வந்த அன்று பாடம் முடிந்தது.

அதனால் 'நான் சோம்பேறியாகிவிட்டேன்' என்ற வரியை நான் ஏற்கவில்லை. உங்களுக்கு நேர்ந்திருப்பதற்குப் பணிச்சோர்வு என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அதற்கு மூன்று அடையாளங்களைச் சொல்லியிருக்கிறது: உடலும் மனமும் வற்றிப்போன களைப்பு, வேலையிடமிருந்து மனம் விலகிப்போவது அல்லது அதன்மேல் கசப்பு, செய்வது எதுவும் உருப்படியாக இல்லை என்ற எண்ணம். இதை அவர்கள் ஒரு நோய் என்று வகைப்படுத்தவில்லை. சமாளிக்கப்படாமல் நீடிக்கும் பணியிட அழுத்தத்தின் விளைவு என்கிறார்கள். பாட்டியை நிமிர்ந்து பார்க்காமல் பேசியது அந்த இரண்டாவது அடையாளம். சோம்பேறிக்கு அன்று கை நடுங்கியிருக்காது.

அடுத்து, பற்று என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிற ஒன்றைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கனடாவைச் சேர்ந்த ஜான் மேயர், நடாலி ஆலன் என்ற இரு உளவியலாளர்கள் 1991-ல் ஊழியர்களின் பற்றை மூன்றாகப் பிரித்தார்கள். வேலையை விரும்பி அதில் இருப்பது ஒன்று. இருப்பதுதான் கடமை என்று இருப்பது இன்னொன்று. விட்டால் வேறு கதி இல்லை, வீட்டுக் கடன் இருக்கிறது என்று இருப்பது மூன்றாவது. மூன்று பேரும் காலையில் வந்து கையெழுத்திடுவார்கள். மூன்று பேரும் முப்பது ஆண்டுகள் பணியாற்றி மாலை மரியாதையோடு ஓய்வு பெறுவார்கள். ஆனால் வேலையின் தரம் உயர்வது பெரும்பாலும் முதல் வகைப் பற்றோடு சேர்ந்துதான் என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. மூன்றாம் வகைப் பற்று எவ்வளவு கூடினாலும் வேலை கூடுவதில்லை, சில இடங்களில் குறையவும் செய்கிறது.

நீங்கள் முதல் வகையாக உள்ளே வந்தவர். இப்போது மூன்றாம் வகையை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறீர்கள் என்பதைக் கடிதத்தின் ஐந்தாம் பக்கம் சொல்கிறது. அங்கே சம்பளம், மாதத் தவணை, மகளின் பள்ளிக் கட்டணம் என்று மட்டுமே எழுதியிருக்கிறீர்கள். நம் அரசு அலுவலகங்களில் நான் பார்க்கிற பெரிய இழப்பு இதுதான். 2022-ல் நடந்த குரூப் 4 தேர்வுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அப்படி வடிகட்டி எடுத்த ஒருவரை, சேர்ந்த சில ஆண்டுகளில் தவணைக்காக மட்டும் வந்துபோகிறவராக மாற்றிவிடுகிறோம். எனக்கு இது ஆறாத வருத்தம்.

இனி அண்ணனைப் பற்றி. அவர் உங்களைத் தனியே கூப்பிட்டுச் சொன்னதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது அச்சமாகத் தெரிகிறது. 1931-32-ல் சிக்காகோ அருகே ஹாத்தார்ன் என்ற தொழிற்சாலையில், தொலைபேசிக் கருவிகளுக்குக் கம்பி இணைக்கும் 14 தொழிலாளர்களை ஓர் அறையில் வைத்து மாதக்கணக்கில் கவனித்தார்கள். கூடுதலாக இணைத்தால் கூடுதல் கூலி கிடைக்கும் ஏற்பாடு அங்கே இருந்தது. ஆனாலும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களே பேசாமல் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அதைத் தாண்டி வேகமாகச் செய்தவரைக் கேலிப் பெயர் வைத்து அழைத்தார்கள், தோளில் குத்தினார்கள். மிகக் குறைவாகச் செய்தவரையும் விடவில்லை. வேகம் கூடினால் நிர்வாகம் கூலி விகிதத்தைக் குறைத்துவிடும், ஆட்களைக் குறைத்துவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு. 'கலெக்டரம்மா' என்ற பட்டம் உங்களுக்கு முன்பே ஒருவருக்குக் கிடைத்திருக்கிறது, பாருங்கள்.

அந்த அச்சத்தை வட சென்னைக்காரரான நாம் இழிவாகப் பேசலாகாது. பி அண்டு சி (பக்கிங்காம் அண்டு கர்நாட்டிக்) நெசவாலைத் தொழிலாளர்களை வைத்து, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்நிற்க, 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது நம் பகுதி உழைப்பாளிகளால்தான். ஒருவன் முந்திக்கொண்டு ஓடினால் மற்றவன் மிதிபடுவான், ஆகவே சேர்ந்து நிற்போம் என்பது நம் தாத்தாக்கள் பட்டினி கிடந்து கற்ற பாடம். உங்கள் அப்பாவைக் கேட்டால் துறைமுகத்தில் ஒரு மூட்டைக்கு எத்தனை பேர் தோள் கொடுப்பார்கள் என்று சொல்வார். அண்ணன் சொன்னதில் அந்தப் பாடத்தின் மிச்சம் இருக்கிறது. பிழை எங்கே என்றால், ஆலையில் அந்த ஒற்றுமை முதலாளியின் கெடுபிடிக்கு எதிராக நின்றது. உங்கள் அலுவலகத்தில் அதே ஒற்றுமையின் சுமை காசிமேட்டுப் பாட்டியின் தலையில் இறங்குகிறது. இதை அண்ணனிடம் யாரும் இதுவரை மரியாதையோடு சொல்லியிருக்க மாட்டார்கள். மூட்டை சுமந்து வெள்ளத்தில் இறங்கியவருக்கு இது புரியாமல் போகாது.

உங்களைச் சற்று வருத்தக்கூடிய ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இரண்டு காலி இருக்கைகளின் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்ததை உங்கள் அர்ப்பணிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணத்தில் அது அர்ப்பணிப்பு, மறுக்கவில்லை. விளைவைப் பாருங்கள். ஐந்து இடம் காலியாக இருந்தும் மாத அறிக்கையில் அலுவலகம் ஓடிக்கொண்டிருப்பதாகத் தெரிந்தது. ஆள் கேட்டு மேலே எழுதவேண்டிய அவசியம் கண்காணிப்பாளருக்கு வரவில்லை. பக்கத்து இருக்கையின் தேக்கம் யார் கண்ணிலும் படவில்லை. ஓட்டையை நீங்கள் உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு நின்றதால் பானை சரியாக இருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். கை சோர்ந்து எடுத்தபோது, ஒழுகியதற்கு உங்களிடம் விளக்கம் கேட்டார்கள். அலுவலகத்தின் அந்தப் பழக்கத்தை உங்கள் கடும் உழைப்பும் சேர்ந்தே காப்பாற்றியிருக்கிறது. இனி அதே உழைப்பில் ஒரு பங்கை அந்த ஓட்டையைக் காட்டுவதற்குச் செலவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனையின் சாரம்.

'அரசு வேலையில் யாரையும் நீக்க முடியாது, அதனால்தான் யாரும் வேலை செய்வதில்லை' என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இது பஸ்ஸிலும் டீக்கடையிலும் கேட்கும் பேச்சு. அரசமைப்புச் சட்டத்தின் 311-வது பிரிவு சொல்வது, விசாரணை நடத்தித் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் ஓர் அரசு ஊழியரைப் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்யக்கூடாது என்பதைத்தான். நீக்கவே கூடாது என்று அது சொல்லவில்லை. பணிப் பாதுகாப்புத்தான் வேலையைக் கெடுக்கிறது என்றால், உங்கள் வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கும் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையைப் பாருங்கள். 1955-ல் தொடங்கிய அந்த இடத்திலும் பணிப் பாதுகாப்பு உள்ள மத்திய அரசு ஊழியர்கள்தான். 'ட்ரெயின் 18' என்ற பெயரில் 16 பெட்டி ரயில் ஒன்றை அவர்கள் 18 மாதங்களில் வடிவமைத்துக் கட்டி 2018-ல் வெளியே கொண்டுவந்தார்கள். அதுதான் 2019 பிப்ரவரியில் முதல் வந்தே பாரத் ரயிலாக ஓடியது. வேலை நிரந்தரம் என்பது அவர்கள் கையைக் கட்டவில்லை. என்ன செய்கிறோம், எப்போது முடிக்க வேண்டும், முடித்தால் எது ஓடும் என்பது அங்கே ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது.

கண்காணிப்பாளரின் தயக்கத்தையும் கோழைத்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். ஓய்வு பெறும் நேரத்தில், பெரிய தண்டனைக்கு வழிவகுக்கும் ஒழுங்கு நடவடிக்கை விதியான 17(பி)-யில் ஒரு குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால் பணப்பலன்கள் தடைபடும் என்பது அவருக்குத் தெரியும். கோப்பைத் தொட்டவர் மாட்டிக்கொள்வதையும் தொடாதவர் தப்பித்துக்கொள்வதையும் முப்பது ஆண்டுகளாகப் பார்த்தவர் அவர். அவரிடம் துணிச்சலைக் கேட்டுப் பயனில்லை. பாதுகாப்பான ஒரு வழியைக் காட்டினால் அவர் நடப்பார்.

முதலில் உறக்கம்

ஒரு மாதமாகத் தூக்கம் கெட்டிருக்கிறது, ஞாயிறு மாலையே நெஞ்சு அடைக்கிறது என்கிறீர்கள். வேறு எதைச் செய்வதற்கு முன்பும் ஒரு மருத்துவரைப் பாருங்கள். ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவு உங்களுக்கு அருகில்தான் இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் டெலி மனஸ் என்ற அரசின் தொலைபேசி மனநலச் சேவையின் 14416 எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ஈட்டிய விடுப்பில் பத்து நாள் எடுங்கள். 'நான் இல்லாவிட்டால் அலுவலகம் நின்றுவிடும்' என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து நாள் நிற்கட்டும். நிற்பது தெரிந்தால்தான் ஆள் வரும்.

ராஜினாமா

தூக்கம் கெட்டிருக்கும் காலத்தில் இந்த முடிவை எடுக்காதீர்கள். ராஜினாமா ஏற்கப்பட்டுவிட்டால் ஒன்பது ஆண்டுப் பணிக்காலம் கைவிட்டுப் போகும், திரும்பி வர மறுபடியும் தேர்வுதான் வழி. வேறு துறை பிடிக்கிறது என்றால் உரிய முன் அனுமதி பெற்று அடுத்த தேர்வு எழுதுவதும், இடமாறுதல் கேட்பதும் திறந்திருக்கும் வழிகள். தனியார் பள்ளியில் இந்தப் பிரச்சினையே இருக்காது என்ற எண்ணத்தையும் சற்று ஆறப்போடுங்கள். நன்றாகச் செய்பவர் தலையில் மேலும் ஏற்றுவது அரசுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. என்னிடம் வருகிற பள்ளி ஆசிரியைகளில் பாதிப்பேர் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

பெயர் போடாத மனு

வேண்டாம். ஒன்பது பேர் உள்ள அலுவலகத்தில் அதை யார் எழுதினார்கள் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதன்பிறகு உங்களோடு யாரும் ஒரு டம்ளர் தேநீர்கூடப் பகிர மாட்டார்கள். மொபைலில் கோப்புகளைப் படம் எடுத்து வைத்திருப்பதாகவும், தெரிந்த அரசியல் பிரமுகர் ஒருவரிடம் கொடுக்கலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றே கைவிடுங்கள். அலுவலக ஆவணத்தை அனுமதியின்றி வெளியாருக்குக் கொடுப்பதும், பணி விஷயத்தில் வெளிச் செல்வாக்கைக் கொண்டுவருவதும் 1973-ம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்கு முரணானவை. அண்ணன் தப்பித்துவிடுவார், 17(பி) உங்களுக்கு வரும். ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்கிறேன்: உங்கள் கடிதத்தில் லஞ்சம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அது இருந்தால் என் பதிலே வேறு. அதற்கு ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் இருக்கிறது. தேக்கத்தையும் ஊழலையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

எழுத்தில் கேட்கவேண்டியது

உங்கள் நிலைமையில் மிகப் பெரிய ஆபத்து, எழுத்தில் இல்லாத அந்தக் கூடுதல் பொறுப்பு. உத்தரவு இல்லாமல் ஒரு கோப்பில் குறிப்பு எழுதிச் சுருக்கொப்பம் இட்டுவிட்டால், நாளைக்குத் தணிக்கையில் ஆட்சேபம் வரும்போது அந்தச் சுருக்கொப்பம்தான் பேசும். 'வாய்மொழியாகச் சொன்னார்கள்' என்பது செல்லாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் நினைவில் வையுங்கள். 2005-ம் ஆண்டின் அந்தச் சட்டப்படி 30 நாளில் தகவல் தர வேண்டும். நியாயமான காரணமின்றித் தாமதமானால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பொதுத் தகவல் அலுவலர் யாரிடம் உதவி கேட்டாரோ, அந்த ஊழியரையே பொறுப்பாளராகக் கொள்ளவும் அதில் வழி இருக்கிறது. காலி இருக்கையின் கட்டு உங்கள் மேசையில் இருந்தால், அந்த உதவி உங்களிடம்தான் கேட்கப்படும்.

எனவே கண்காணிப்பாளருக்கு ஒரு பக்கத்தில் அலுவலகக் குறிப்பு எழுதுங்கள். யார்மீதும் புகார் வேண்டாம். உங்கள் இருக்கையில் நிலுவை எவ்வளவு, காலி இருக்கைகள் இரண்டிலும் எவ்வளவு என்று எண்ணிக்கையைக் கொடுங்கள். இந்த இருக்கைகளை நான் கூடுதலாகக் கவனிக்க வேண்டுமென்றால் உரிய ஆணை வழங்க வேண்டும், அல்லது எல்லோருக்குமாகப் பணிப்பகிர்வைத் திருத்தி அமைக்க வேண்டும் என்று முடியுங்கள். பணிவான மொழியில், தேதியோடு, ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொண்டு கொடுங்கள். 'இது அவரைக் காட்டிக்கொடுப்பதாகாதா' என்று தயங்குவீர்கள். எனக்குத் தெரிந்தவரை, ஓய்வை நெருங்கும் ஒரு கண்காணிப்பாளருக்குக் கிடைக்கக்கூடிய நல்ல கவசம் இதுவே. ஆள் பற்றாக்குறையை நான் மேலே தெரிவித்திருக்கிறேன் என்று சொல்ல அவருக்கும் ஒரு காகிதம் கிடைக்கிறது. காலிப் பணியிடங்களை நிரப்பக் கேட்பது சங்கத்தின் வேலையும்கூட. அண்ணன் சங்கப் பொறுப்பில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த எண்ணிக்கைகளை அவர் கையிலும் கொடுங்கள். 'எங்களையும் கேட்பார்கள்' என்று அஞ்சியவரை, 'ஐந்து பேரைத் தாருங்கள்' என்று கேட்கிறவராக மாற்ற அது உதவும்.

பழைய குறிப்பாணைக்கு நீங்கள் பதிலே கொடுக்கவில்லை என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. தாமதமானாலும் கொடுங்கள். அந்த இருக்கைக்கு உங்களுக்கு ஆணை இல்லை என்ற ஒரு வரி போதும்.

திங்கட்கிழமை 20 நிமிடம்

பவானிசாகரில் 'தன் பதிவேடு' என்ற, ஒவ்வொரு இருக்கைக்கும் உரிய பதிவேட்டைப் பற்றிப் படித்திருப்பீர்கள். வந்த தபால், எடுத்த நடவடிக்கை, நிலுவை எல்லாம் அதில் இருக்க வேண்டும், கண்காணிப்பாளர் குறித்த இடைவெளியில் அதைப் பார்க்க வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள நடைமுறை. பல அலுவலகங்களில் அது ஆய்வு வரும் வாரத்தில் மட்டும் நிரப்பப்படுகிறது. அதற்கு உயிர் கொடுங்கள். திங்கள் காலை பொதுமக்கள் வரத் தொடங்குவதற்கு முன், 20 நிமிடம், உங்கள் பிரிவில் உள்ளவர்கள் மட்டும் அவரவர் பதிவேட்டோடு உட்காருங்கள். இந்த வாரம் எது நிற்கிறது, ஏன் நிற்கிறது, யார் உதவினால் நகரும். அவ்வளவே பேச்சு. யாரையும் குற்றம் சொல்லும் இடமாக அது ஆகிவிட்டால் இரண்டாவது வாரம் யாரும் வரமாட்டார்கள். வெள்ளத்தின்போது காலையில் தெருக்களைப் பிரித்துக்கொண்டீர்களே, அதே போல்தான். சிக்கலான கோப்பில் நாலு பேர் கலந்து பேசிய முடிவைக் குறிப்பில் பதிந்து வைத்தால் கண்காணிப்பாளரின் பேனாவும் சற்று எளிதாக நகரும்.

இன்னொன்று சின்னது. முடிந்த சான்றிதழை மனுதாரர் கையில் கொடுக்கும் வேலையை முறைவைத்து எல்லோரும் செய்யுங்கள், அண்ணன் உட்பட. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் நன்கொடை கேட்டுத் தொலைபேசியில் பேசும் ஊழியர்கள், அந்தப் பணத்தில் படிக்கும் ஒரு மாணவரை ஐந்தே நிமிடம் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்கள் திரட்டிய தொகை முன்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. ஆடம் கிராண்ட் என்ற ஆய்வாளர் 2007-ல் வெளியிட்டது இது. கோப்புக்குள் எண்ணாக மட்டும் இருக்கும் மனிதர் எதிரே வந்து நின்று, காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவதைப் பார்ப்பவருக்கு அடுத்த கட்டைப் பிரிக்கக் கை வரும். வெள்ளத்தில் அண்ணனை இறக்கியதும் அதுதான்.

இவ்வளவும் செய்து ஆறு மாதத்தில் ஒன்றும் மாறவில்லை என்றால்? அந்த வாய்ப்பும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். புதிதாக வரும் கண்காணிப்பாளர் இதையெல்லாம் கலைத்துவிடவும் கூடும். அப்போது உரிய வழியில் இடமாறுதல் கேளுங்கள். ஆணை பெற்ற வேலையை மட்டும் சுத்தமாகச் செய்துவிட்டு வெளியேறியவராகப் போவீர்கள். உங்கள் கடிதத்தின் மூன்றாவது கேள்வியான 'எல்லோரையும் போல' என்பதற்கு என் பதில் இதுதான்: உங்கள் இருக்கைக்கு வரும் தபாலை முன்பு போல அன்றன்றே பதியுங்கள். அதை யாருக்காகவும் விடாதீர்கள். மற்ற இருக்கைகளுக்கு உத்தரவு வரட்டும்.

கடைசியாக, பாட்டி. மன்னிப்புக் கேட்பது அலுவலகத்துக்குத் தகாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. கேளுங்கள். ஆனால் அதற்கு முன் அண்ணனிடம் அந்த ஒரு கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய், "அண்ணா, இது மகனைப் பறிகொடுத்தவருடையது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இன்று முடித்துவிடலாமா?" என்று கேளுங்கள். குறிப்பு அவர் கைப்படவே இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். மனுவில் தொலைபேசி எண் இருக்கும். சான்றிதழ் தயாரானதும் நீங்களே கூப்பிட்டு வரச் சொல்லுங்கள். காலையில் வரச் சொல்லாதீர்கள், அது அவருக்கு வியாபார நேரம். மூன்று மணிக்கு மேல் வரட்டும்.